பி.ஆர்.பி., லேசர், மைக்ரோநீடிலிங்: முடி மெலிதலுக்குக் கிளினிக்கில் தரப்படும் சிகிச்சைகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரின் பெரிய சாலையிலும் முடி உதிர்வுக்கு 'நிரந்தரத் தீர்வு' தருவதாகச் சொல்லும் பலகையைப் பார்க்கலாம். உள்ளே சென்றால் ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். சொந்த ரத்தத்தை எடுத்துத் தலையிலேயே செலுத்தும் பி.ஆர்.பி., நுண்ணூசிகளால் குத்தும் மைக்ரோநீடிலிங், சிவப்பு ஒளி பாய்ச்சும் லேசர், வைட்டமின் கலவை ஊசி, எக்சோசோம், உச்சந்தலைக்கு நீராவி. ஆறு முறை, எட்டு முறை என்று பேக்கேஜ் போட்டு முன்பணமும் கேட்கிறார்கள்.

ஒரே அட்டையில் அச்சிட்டிருந்தாலும் இவை ஒரே தரத்தவை அல்ல. ஓரளவு சான்று உள்ளவை சில, விளம்பரத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதவை சில. சான்று உள்ள சிகிச்சையாக இருந்தாலும், முடி ஏன் மெலிகிறது என்று கண்டறியாமல் தொடங்கினால் பணம் வீண். சில நோய்களில் முடியும் திரும்பாமல் போய்விடும். ஆகவே ஊசியைப் பற்றிப் பேசும் முன் மயிர்க்காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

## மயிர்க்காலின் சுழற்சி

தலையில் ஏறத்தாழ 1 லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் போக்கில் சுழல்கிறது. வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டுகள் நீடிக்கும். அடுத்து இரண்டு மூன்று வாரங்கள் சுருங்கும் பருவம். பிறகு ஏறத்தாழ 3 மாத ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே மயிர்க்காலிலிருந்து புதிய முடி கிளம்புகிறது. எந்த நேரத்திலும் 85 முதல் 90% மயிர்க்கால்கள் வளரும் பருவத்தில்தான் இருக்கும். மிச்சம் உள்ளவற்றிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. வாரம் ஒருமுறை தலைமுழுகுபவர்களுக்கு அன்று கொத்தாகக் கையோடு வருவதில் பெரும்பகுதி, இடைப்பட்ட நாட்களில் உதிர்ந்து சிக்கிக் கிடந்த முடி.

புதிய முடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே எந்தச் சிகிச்சையின் பலனும் 3, 4 மாதங்களுக்கு முன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் அடர்த்தி கூடியது போலத் தோன்றினால், பெரும்பாலும் முடியின் மேல் படிந்த பொருளோ புகைப்படத்தின் வெளிச்சமோ அதற்குக் காரணமாக இருக்கும்.

## ஒரே தோற்றம், நான்கு காரணங்கள்

'முடி கொட்டுகிறது' என்று வருபவர்களிடம் பெரும்பாலும் காணப்படும் நிலைகள் இவை.

1. பரம்பரை வழுக்கை. ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் குறையும். பெண்களுக்கு வகிடு அகலமாகும், முன்வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடலில் டி.எச்.டி. என்ற வீரியமான வடிவமாக மாறுகிறது. மரபுவழியாக அதற்கு இடம்கொடுக்கும் மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் சிறுத்து, மேலும் மெல்லிய முடியைத் தருகின்றன. பெண்களிடம் ஹார்மோனின் பங்கு இவ்வளவு தெளிவாக இல்லை. மயிர்க்கால் சாவதற்கு முன் பல ஆண்டுகள் மெலிந்துகொண்டே இருக்கும். சிகிச்சைக்குரிய காலம் அதுதான்.

2. அதிர்ச்சிக்குப் பின் வரும் உதிர்வு. டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு ஆகியவை நடந்து 2, 3 மாதங்கள் கழித்துத் தலை முழுவதும் முடி கொட்டும். ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போனதன் விளைவு இது. காரணம் நீங்கியிருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி உதிர்வைத் தரலாம். அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

3. புழுவெட்டு. வட்ட வட்டமாக வழவழப்பான திட்டுகள் விழும். உடலின் எதிர்ப்பு சக்தி தன் மயிர்க்காலையே தாக்குவதால் வருவது. மயிர்க்கால் உயிரோடுதான் இருக்கிறது.

4. தழும்பு வழுக்கை. லைக்கன் பிளானஸ், லூபஸ் போன்ற அழற்சி நோய்கள் மயிர்க்காலையே அழித்து அங்கே தழும்பை விட்டுச்செல்லும். எரிச்சல், வலி, முடியைச் சுற்றிச் செதில், மயிர்த்துளைகளே தெரியாத பளபளப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். அழிந்த இடத்தில் எந்த ஊசியாலும் முடி முளைக்காது. நோய் பரவாமல் உடனே தடுப்பதுதான் இதில் சிகிச்சை.

இவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நோயாளியின் வரலாற்றைக் கேட்பது, டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் உச்சந்தலையைப் பார்ப்பது, 40 முதல் 60 முடிகளைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்து எத்தனை கழன்று வருகின்றன என்று எண்ணுவது, தேவைப்பட்டால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு ரத்தப் பரிசோதனைகள், சந்தேகம் நீடித்தால் தோலில் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. பரிசோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை: முடிக்காகப் பலரும் விழுங்கும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு முதல் மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் வரை சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

## தானாக வளர்ந்த முடிக்குப் பேக்கேஜ் பெயர் வாங்கும் விதம்

நான்கில் இரண்டாவது வகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மக்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிரசவமான ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதம் முடி கொட்டத் தொடங்குகிறது. பயந்துபோய் நான்காம் மாதம் கிளினிக்குக்குப் போகிறார். மாதம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசிகள். ஏழாம், எட்டாம் மாதத்தில் நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புதிய முடி எழுகிறது. அந்த முடி ஊசி போடாமலும் எழுந்திருக்கும். ஆனால் அவர் அறிய வழியில்லை. நன்றி சொல்லி, தங்கையையும் அழைத்து வருகிறார். கிளினிக்கின் சுவரில் அவருடைய 'முன்னும் பின்னும்' படம் ஏறுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பெரும்பணம் போய்விட்டது.

இதனால்தான் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகளையும், நன்றிக் கடிதங்களையும், புகைப்படங்களையும் ஆதாரமாக ஏற்க முடிவதில்லை. சிகிச்சை பெறாதவர்களுக்கு, அல்லது தலையின் சிகிச்சை பெறாத பாதிக்கு, அதே காலத்தில் என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

## ஊசிக்கு முன்னால் இருக்கும் மருந்துகள்

பரம்பரை வழுக்கைக்கு வலுவான சான்று உள்ளவை இரண்டு. ரத்த அழுத்த மாத்திரையாகத் தொடங்கிய மினாக்சிடில், தலையில் தடவும் மருந்தாக 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் தடவ வேண்டும். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். பழைய முடி விலகிப் புதியதற்கு வழிவிடுகிறது என்று தெரியாமல் பலர் அந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை ஆண்களுக்கு 1997-இல் அனுமதிக்கப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் டி.எச்.டி.யாக மாறுவதைத் தடுப்பதால் இது காரணத்தையே தொடுகிறது. சிறு பங்கினருக்குப் பாலியல் பக்கவிளைவுகள் வரலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது, ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும்.

இரண்டையும் நிறுத்தினால் கிடைத்த பலன் சில மாதங்களில் போய்விடும். 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு இந்த நோயில் இடமே இல்லை. கிளினிக் சிகிச்சைகளை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

## பி.ஆர்.பி.

கையிலிருந்து 10 முதல் 30 மில்லிலிட்டர் வரை, சில முறைகளில் அதற்கும் அதிகமாக, ரத்தம் எடுக்கிறார்கள். உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் இட்டு இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேலே மஞ்சள் நிற பிளாஸ்மா நிற்கும். அதில் தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்து, முடி மெலிந்த இடங்களில் சிறு ஊசியால் பல புள்ளிகளில் செலுத்துகிறார்கள். காயத்தை ஆற்றுவதற்காகத் தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் மயிர்க்காலையும் தூண்டும் என்பது கருத்து. வழக்கமான முறை மாதம் ஒன்றாக மூன்று, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை பராமரிப்பு ஊசி.

பலன் உண்டா? 2015-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் 20 ஆண்களின் தலையில் ஒரு பாதிக்கு பி.ஆர்.பி.யும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போட்டனர், பி.ஆர்.பி. பகுதியில் முடி எண்ணிக்கை தெளிவாகக் கூடியது. 2016-இல் 26 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், முடியின் மொத்த அளவில் பி.ஆர்.பி. பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் புள்ளிவிவர அடிப்படையில் வேறுபாடு இல்லை. இப்படி முரண்படுவதற்குக் காரணங்கள் உண்டு. எத்தனை நிமிடம், எந்த வேகத்தில் சுழற்றுவது, எவ்வளவு செலுத்துவது, எத்தனை முறை என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். நல்ல பி.ஆர்.பி.யில் 10 லட்சம் அளவுக்கு வேண்டும் என்பார்கள். குழாயில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பல கிளினிக்குகள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அப்படியானால் நோயாளிக்குப் போவது வெறும் பிளாஸ்மாவாகவும் இருக்கலாம்.

ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தொடக்க, நடுத்தர நிலையில் உள்ள பரம்பரை மெலிதலுக்குப் பி.ஆர்.பி. மிதமான பலன் தரக்கூடும் என்று சொல்லலாம். ஆனால் டி.எச்.டி.யின் தாக்குதலை அது நிறுத்துவதில்லை. தினசரி மருந்தோடு சேர்த்துச் செய்வதில் நியாயம் உண்டு. மருந்துக்கு மாற்றாக விற்பதில் நியாயம் இல்லை. தலைமுடிக்கென்று பி.ஆர்.பி.க்கு எஃப்.டி.ஏ. அனுமதி இல்லை, ரத்தத்தைப் பிரிக்கும் கருவிகளுக்குக் கிடைத்த அனுமதி எலும்பு சிகிச்சை சார்ந்தது. 'எஃப்.டி.ஏ. அங்கீகரித்த பி.ஆர்.பி.' என்ற விளம்பர வரி இந்த வேறுபாட்டை மறைக்கிறது.

ஜி.எஃப்.சி. என்ற பெயரில் வருவது இதன் கிளை: தட்டணுக்களைக் குழாயிலேயே உடைத்து வளர்ச்சிக் காரணிகளை மட்டும் எடுப்பது. விலை கூடுதல், ஆய்வுகள் பி.ஆர்.பி.யைவிடவும் குறைவு.

## மைக்ரோநீடிலிங்

நுண்ணூசிகள் பதித்த உருளை அல்லது பேனாவால் உச்சந்தலையில் சிறு துளைகள் இடுவது. காயம் ஆறும்போது எழும் சமிக்ஞைகள் மயிர்க்காலைத் தூண்டுகின்றன, தடவும் மருந்தும் ஆழமாக இறங்குகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நம் நாட்டில், மும்பையில் நடந்தது, 2013-இல் வெளியானது. 100 ஆண்களில் ஒரு குழுவுக்கு மினாக்சிடில் மட்டும், மற்றொன்றுக்கு மினாக்சிடிலுடன் வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் உருளை. 12 வாரங்களில் அளவெடுத்த பகுதியில் முதல் குழுவுக்குச் சராசரியாக 22 முடிகளும், இரண்டாம் குழுவுக்கு 91 முடிகளும் கூடியிருந்தன. சிறிய, குறுகிய கால ஆய்வுதான். ஆனால் ஒப்பீடு தெளிவானது, செலவும் மற்றவற்றைவிடக் குறைவு. மெலிதலின் தொடக்கத்தில் மினாக்சிடில் மட்டும் போதாதவர்களுக்கு நான் முதலில் விசாரிக்கச் சொல்லும் கிளினிக் சிகிச்சை இதுதான்.

கவனிக்க வேண்டியவை: உச்சந்தலையில் கிருமித்தொற்று, சொரியாசிஸ் திட்டு, புண் இருந்தால் கூடாது. குத்திய உடனே மினாக்சிடில் தடவக்கூடாது. வழக்கமாக ஒரு நாள் இடைவெளி விடச் சொல்வார்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசிமுனையை மற்றவர் தலையில் வைப்பது எந்தச் சுத்திகரிப்புக்குப் பிறகும் ஏற்கத்தக்கதல்ல.

## லேசர் தொப்பி

1967-இல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், லேசரால் புற்றுநோய் வருமா என்று எலிகளில் சோதித்தார். புற்றுநோய் வரவில்லை, மழித்த இடத்தில் ரோமம் வேகமாக வளர்ந்தது. தலைமுடிக்கான லேசர் சீப்பு ஒன்றுக்கு 2007-இல் எஃப்.டி.ஏ. விற்பனை அனுமதி கிடைத்தது. கருவிகளுக்கான இந்த அனுமதி, ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இது நிகரானது என்ற அடிப்படையில் தரப்படுவது. புதிய மருந்துக்குக் கேட்கும் அளவு சான்றை இதற்குக் கேட்பதில்லை.

ஆய்வுகளில் சிறிதளவு பலன் தெரிகிறது, ஆபத்தும் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆய்வுகளில் வாரம் மூன்று முறை வீதம் ஆறு மாதம் ஒளி பாய்ச்சினார்கள். கிளினிக் பேக்கேஜில் மாதம் ஒருமுறை, ஊசிக்குப் பின் இருபது நிமிடம் தொப்பி மாட்டுகிறார்கள். அதற்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை. லேசர் வேண்டும் என்றால் வீட்டுக்கருவியை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்துவதே பொருத்தம்.

## பட்டியலில் மீதி

புழுவெட்டுக்குத் திட்டுக்குள் போடும் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை, நெடுநாள் பழக்கமும் நல்ல பலனும் உள்ள சிகிச்சை. மிகுந்தால் தோல் சற்றுக் குழியும். தலையின் பெரும்பகுதி கொட்டிவிட்டால் ஊசி போதாது. அந்த நிலைக்குப் பாரிசிட்டினிப் மாத்திரை 2022-இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

வைட்டமின், பயோட்டின், தாவரச் சாறு என்று கிளினிக்குக் கிளினிக் மாறும் கலவையைச் செலுத்தும் மெசோதெரபிக்கு நம்பத்தக்க ஆய்வு மிகக் குறைவு. என்ன செலுத்துகிறார்கள் என்றே தெரியாத ஊசிக்குத் தலையைக் கொடுக்க வேண்டாம்.

எக்சோசோம் இப்போதைய கவர்ச்சிப் பொருள். செல்கள் வெளியிடும் நுண்ணிய பைகள் இவை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இப்பொருட்களைச் செலுத்திக்கொண்டவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை அடுத்து, 2019 டிசம்பரில் எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கை வெளியிட்டது.

நீராவி, 'டீடாக்ஸ்', உச்சந்தலை ஃபேஷியல் ஆகியவை பொடுகையும் எண்ணெய்ப் படிவையும் நீக்கலாம், இதமாகவும் இருக்கலாம். வளரும் முடியின் வேர் சுமார் 4 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேற்பரப்பில் செய்யும் துப்புரவு அங்கே எட்டாது.

## ஆபத்து எங்கே இருக்கிறது

சிகிச்சையைவிட, அது நடக்கும் இடம்தான் பெரும்பாலும் ஆபத்து. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் பி.ஆர்.பி. கலந்த நுண்ணூசி முகச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது, நிலையம் 2018-இல் மூடப்பட்டது, அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் முழு அறிக்கை வெளியிட்டது. தலைக்கும் இதே ரத்தம், இதே ஊசிகள்தான். குழாயின் மேல் பெயர் எழுதப்படுகிறதா, ஊசி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்படுகிறதா என்பதைப் பாருங்கள்.

சென்னையில் 2016-இல் 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடி மாற்று சிகிச்சைக்குப் பின் இறந்தார். அந்த மையம் அழகு நிலையத்துக்கான உரிமத்தோடு இயங்கியது விசாரணையில் தெரியவந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பட்டறைகளிலோ யூடியூப் காணொளிகளிலோ பார்த்துக் கற்றது முடி மாற்று சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் சிகிச்சை நிலையங்கள் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். அழகு நிலையத்தின் பதிவு அதற்கு ஈடாகாது.

விளம்பரத்துக்கும் வரம்பு உண்டு. மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, எந்த மருந்தும் குணப்படுத்தும் என்று உரிமை கோரக்கூடாத நோய்களைப் பட்டியலிடுகிறது. வழுக்கையும், புதிய முடி வளர்ச்சியும் அதில் இருக்கின்றன.

தட்டணு குறைந்தவர்கள், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள், ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் பி.ஆர்.பி. செய்துகொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கிளினிக்கின் சிகிச்சைப் பட்டியலை அப்படியே தள்ளிவைக்கலாம். மினாக்சிடிலும் அவர்களுக்கு ஏற்றதல்ல.

## முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. எனக்கு இருக்கும் நோயின் பெயர் என்ன? எதை வைத்து முடிவு செய்தீர்கள்? 'பொதுவான முடி உதிர்வு' என்பது பதில் ஆகாது.

2. ஊசி போடப்போவது யார்? தோல் மருத்துவரா, அவர் பெயரைப் பலகையில் மட்டும் வைத்திருக்கிறார்களா?

3. ஊசியோடு தினசரி மருந்தும் உண்டா? இல்லையென்றால் ஏன்?

4. ஓர் ஆண்டுக்கு, பராமரிப்பு ஊசிகளையும் சேர்த்து, மொத்தச் செலவு எவ்வளவு? ஒரு முறைக்குச் சில ஆயிரம் என்பது சிறிதாகத் தோன்றும். நோய் வாழ்நாள் முழுவதும் இருக்கும் என்பதால் ஆண்டுக் கணக்குதான் உண்மையான விலை.

5. ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவீர்களா? மீதிப் பணம் திரும்ப வருமா? எழுத்தில் வாங்குங்கள். தொடங்கும் முன் அதே வெளிச்சத்தில், அதே வகிட்டில், ஈரமில்லாத முடியோடு படம் எடுத்து உங்கள் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பரை மெலிதல் உள்ளவர் இந்தக் கேள்விகளுக்காக இரண்டு வாரம் காத்திருந்தால் எதுவும் கெட்டுவிடாது. காய்ச்சலுக்குப் பின் கொட்டுபவர் ஆறு மாதமே காத்திருக்கலாம். அவசரம் ஒருவருக்குத்தான்: உச்சந்தலையில் வலியோ எரிச்சலோ இருந்து, மெலிந்த இடம் பளபளக்கத் தொடங்கியவருக்கு. அவர் போக வேண்டியது இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவிலும் தோலில் துண்டு எடுத்துச் சோதித்துச் சொல்வார்கள். அவரை மூன்று மாத பி.ஆர்.பி. பேக்கேஜில் உட்காரவைத்தால், அந்த மூன்று மாதத்தில் அழியும் மயிர்க்கால்களை எந்தச் சிகிச்சையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.